வோட்காவுல ஆல்கஹால் எவ்வளவு, தண்ணி எவ்வளவு: ஒரு தராசும் கண்ணாடிக் குடுவையும் வச்சு அளந்து பாத்தது

ஒருவழியா நம்பர் உக்காந்துருச்சு. லேபிள்ல 40%னு போட்ட சாதா வோட்கா, என் அளவுல 39.9க்கும் 40க்கும் நடுவுல வந்து நிக்குது, திரும்பத் திரும்ப ஊத்தி எடை போட்டாலும் அங்கயேதான் நிக்குது. இதுக்குத் தேவைப்பட்டது 0.01 கிராம் வரைக்கும் காட்டுற பாக்கெட் தராசு, 50 எம்எல் வால்யூமெட்ரிக் ஃப்ளாஸ்க், ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், டிஸ்டில்டு வாட்டர், ஒரு பக்கெட், கொஞ்சம் ஐஸ். அவ்வளவுதான். ஆனா இங்க வந்து சேர்றதுக்கு முன்னாடி எடுத்த வழிகள்ல பாதி எங்கயும் போய்ச் சேரல, அதையும் சேத்தே எழுதுறேன், இதே வேலையக் கையில எடுக்குறவங்களுக்குக் கொஞ்சம் நேரமும் காசும் மிச்சமாகும்.

முதல்ல எல்லாரும் வாங்குற அதே கண்ணாடி ஆல்கஹால்மீட்டர்தான், சரக்குல மிதக்க விட்டு எத்தன சதவீதம்னு படிக்கிறது. கீழ குண்டு, மேல ஒல்லியா குச்சி, 0ல இருந்து 100 வரைக்கும் கோடு. 100 எம்எல் சிலிண்டர்ல வோட்காவ ஊத்தி மிதக்க விட்டா 44க்கும் கொஞ்சம் மேல காட்டுது. 40% பாட்டில்ல 44 எப்படி வரும், எந்தக் கம்பெனியும் சும்மா கூட்டிக் குடுக்கப் போறதில்ல. குச்சிக்குள்ள சுருட்டி வச்சிருக்குற பேப்பர உத்துப் பாத்தா பொடி எழுத்துல 20 டிகிரின்னு இருக்கு, அதாவது 20 டிகிரியிலதான் சரியாக் காட்டும். ரூம்ல அப்ப 31 டிகிரி. வோட்கா சூடானா விரியும், விரிஞ்சா அடர்த்தி குறையும், அடர்த்தி குறைஞ்சா மீட்டர் இன்னும் கொஞ்சம் உள்ள முங்கும், முங்குனா நம்பர் ஏறும். 40% பக்கத்துல ஒரு டிகிரிக்கு சுமாரா 0.4 ஏறும், 11 டிகிரிக்கு 4.4, அதக் கழிச்சா 40 வந்துருது. மீட்டர் மேல தப்பில்ல.

இந்த 20 டிகிரிங்கறது எல்லா மீட்டருக்கும் பொதுன்னு நினைச்சுக்காதீங்க. 1824ல கே லுசாக்ங்கற விஞ்ஞானி பிரான்ஸ்ல சதவீத அளவுல ஆல்கஹால்மீட்டர் கொண்டு வந்தப்ப அது 15 டிகிரிக்குக் கோடு போட்டது, 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 15.56 டிகிரிக்கு, கோடு போட்டதும் புழக்கத்துல உண்டு. பழைய மீட்டர் கையில கிடைச்சா மொதல்ல அந்தப் பேப்பரப் படிங்க, அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.

சரி, மீட்டர் சரியாத்தான் காட்டுது, ஆனா அது எனக்குப் பத்தல. 0–100 குச்சியில கோடுகள் நெருக்கமா இருக்கும், குச்சிய ஒட்டி திரவம் மேல ஏறி ஒரு வளைவு நிக்கும், எந்த இடத்துல படிக்கிறோம்ங்கறதுலயே ஒரு சதவீதம் போயிரும். 37.5க்கும் 40க்கும் வித்தியாசம் சொல்லும், 39.5க்கும் 40க்கும் சொல்லாது. எனக்கு வேண்டியது 0.3க்குள்ள, ஏன்னா லேபிள் விஷயத்துல ஐரோப்பிய யூனியன்லயும் அமெரிக்காவுலயும் இந்த மாதிரி சரக்குக்கு அனுமதிக்கிற ஏற்ற இறக்கம் 0.3தான், அந்த அளவுக்குப் பாக்க முடியலன்னா லேபிள் உண்மையா பொய்யான்னு பேசறதுக்கே அர்த்தமில்ல. குறைஞ்சபட்ச அளவே ஊருக்கு ஊர் மாறும்: ஐரோப்பிய யூனியன்ல வோட்கான்னு பேர் போட 37.5 இருந்தாப் போதும், அமெரிக்காவுல 40 வேணும். சில பாட்டில்ல 42.8னு ஒரு விசித்திரமான நம்பர் இருக்கும் பாத்திருப்பீங்க, அது பழைய பிரிட்டிஷ் ப்ரூஃப் கணக்கு (ப்ரூஃப்னா சரக்கோட வீரியத்தச் சொல்ற அளவு), அதுல 100 ப்ரூஃப்னா 57.1%, 75 ப்ரூஃப்னா 42.8. அமெரிக்க ப்ரூஃப் வேற, அது சும்மா சதவீதத்த ரெண்டால பெருக்குனது.

அடுத்து தோணுனது எல்லாருக்கும் தோணுறதுதான். அடர்த்திதானே வேணும், 100 எம்எல் அளந்து ஊத்தி எடை போட்டா முடிஞ்சுதே. சிலிண்டர்ல 100 கோடு வரைக்கும் ஊத்தி எடை போட்டேன், ஒரு தடவ 94, இன்னொரு தடவ 95 சொச்சம், அடுத்தது 94.3. காரணம் தராசு இல்ல, சிலிண்டர். சாதா பிளாஸ்டிக் சிலிண்டர்ல 100 எம்எல்லுக்கு ஒரு எம்எல் முன்னப்பின்ன இருக்கும். கேக்க சின்னதாத் தெரியும், ஆனா 20 டிகிரியில சுத்தத் தண்ணி ஒரு எம்எல் 0.9982 கிராம், சுத்த எத்தனால் 0.789, 40% வோட்கா 0.948. 40% பக்கத்துல ஒரு சதவீத ஆல்கஹாலுக்கு அடர்த்தி மாறுறது வெறும் 0.0016தான். அளவுல ஒரு சதவீதம் தப்புனா அடர்த்தியில 0.0095 தப்பும், அத ஆல்கஹாலா மாத்துனா 6 சதவீதம் தப்பு. 34ன்னும் சொல்லலாம் 46ன்னும் சொல்லலாம், ரெண்டுக்கும் நடுவுல எதுன்னு சிலிண்டருக்குத் தெரியாது. ஊசி இல்லாத சிரிஞ்சுல உறிஞ்சியும் பாத்தேன், முனையில தங்குற துளியும் ரப்பர்ல ஒட்டுற குமிழியும் அதே கூத்தத்தான் பண்ணுச்சு.

நடுவுல கையில இருந்த பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டர்லயும், அதாவது ஒளி எவ்வளவு வளையுதுன்னு பாத்து சர்க்கரை அளக்குற கருவியிலயும், ஒரு சொட்டு விட்டேன். 15 பக்கத்துல கோடு விழுந்துச்சு. அது சர்க்கரைக்கு அடிச்ச ஸ்கேல், ஆல்கஹாலுக்கு நாமளே டேபிள் போட்டாத்தான் உண்டு, அப்படிப் போட்டாலும் ஆல்கஹால் ரொம்ப அதிகமான சரக்குல ஒளிவிலகல் ஒரு இடத்துக்கு மேல ஏறாம திரும்பி இறங்க ஆரம்பிக்கும், ஒரே நம்பருக்கு ரெண்டு பதில். சொட்டு மூடிக்குள்ள இருக்கும்போதே ஆவியாகுறதால கோடும் நகருது. மூடி எடுத்து வச்சுட்டேன். ஃப்ரீசர்ல வச்சுப் பாக்குற டெஸ்ட்டும் இதே கதைதான். ஃப்ரீசர் மைனஸ் 18, 40% வோட்கா உறைய மைனஸ் 20க்கும் கீழ போகணும், 37.5ம் உறையாது. ஆல்கஹால் 30க்கும் கீழ இறங்குற அளவுக்குத் தண்ணி கலந்திருந்தா ஐஸ் சில்லுக் கட்ட ஆரம்பிக்கும், அவ்வளவு மோசமா கலப்படம் பண்ணதக் கண்டுபிடிக்க மட்டும் உதவும்.

வேலைக்கு ஆனது வால்யூமெட்ரிக் ஃப்ளாஸ்க். கீழ உருண்டையா வயிறு, மேல ரொம்ப ஒல்லியான கழுத்து, கழுத்துல சுத்தி ஒரே ஒரு கோடு. ஒல்லியா இருக்குறதுதான் இதுல விஷயமே. சிலிண்டர்ல ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்குனா அரை எம்எல்லுக்கும் மேல போகும், ஃப்ளாஸ்க் கழுத்துல அதே ஒரு மில்லிமீட்டர் ஒரு துளியோட சரி. இன்னொரு நல்ல விஷயம், ஃப்ளாஸ்க்குல 50 எம்எல்னு போட்டிருக்குறது உண்மையிலேயே 50ஆங்கற கவலை நமக்கு வேண்டாம். காலி ஃப்ளாஸ்க், கோடு வரைக்கும் தண்ணி, அதே கோடு வரைக்கும் வோட்கா, மூணு எடை. வோட்கா எடைய தண்ணி எடையால வகுத்தா தண்ணியோட ஒப்பிட்ட அடர்த்தி வந்துரும், கொள்ளளவு கணக்குலயே வராது. தராசு எல்லா எடையிலயும் ஒரே விகிதத்துல கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டுனாக்கூட வகுக்கும்போது அதுவும் அடிபட்டுப் போயிரும்.

தண்ணியும் வோட்காவும் 20 டிகிரியில இருக்கணும், இதுலதான் பெரிய சிக்கல் வந்துச்சு. பக்கெட்ல தண்ணி எடுத்து ஐஸ் போட்டு 20க்குக் கொண்டு வந்து, ஃப்ளாஸ்க்க கழுத்து வரைக்கும் முங்க வச்சு அரை மணி நேரம் விட்டேன், தண்ணி மறுபடி சூடாகாம அப்பப்ப ஒரு ஐஸ் துண்டு. கோடு சரி பண்ணி, வெளிய எடுத்து, தொடச்சு, தராசுல வச்சா எடை ஏறிக்கிட்டே போகுது. 85.79, 85.80, 85.82. தராசு கெட்டுப் போச்சா, பேட்டரி போச்சான்னு எதையெதையோ மாத்திப் பாத்தேன். விஷயம் என்னன்னா, 31 டிகிரி ரூம்ல 20 டிகிரி கண்ணாடி இருந்தா காத்துல இருக்குற ஈரம் வந்து அது மேல பனி மாதிரி படியுது, தொடச்சா மறுபடி படியுது. அந்த ஈரம் 0.04 கிராம் இருந்தாலே அரை சதவீத ஆல்கஹால் குறைவாக் காட்டும்.

இதுக்கு வழி கண்டுபிடிச்சதுதான் இந்த வேலையில எனக்குப் பிடிச்ச இடம். கோடு சரி பண்ற அந்த நிமிஷம் மட்டும் 20 டிகிரி இருந்தாப் போதும், எடை போடும்போது தேவையில்ல. 20ல கோட்டுக்குச் சரியா வச்சுட்டோம்னா உள்ள எத்தன கிராம் இருக்குன்னு முடிவாயிருச்சு. மூடியப் போட்டு, வெளிய எடுத்து ரூம் சூட்டுக்கே வர விட்டா வோட்கா விரிஞ்சு கோட்டுக்கு மேல ஏறி நிக்கும், ஏறட்டும், எங்கயும் வெளிய போகல, எடை அதேதான். ஈரம் முழுசாக் காஞ்சதும் துணியால ஒரு தடவ தொடச்சு தராசுல வச்சா நம்பர் அசையாம நிக்குது. ஃபேன ஆஃப் பண்ணிருங்க, 0.01 தராசுக்கு ஃபேன் காத்தே பாரம். ஃப்ளாஸ்க்க விரலால நேராப் புடிக்காம டிஷ்யூவால கழுத்தப் புடிச்சு வைங்க.

கோடு சரி பண்றதுலயும் ஒரு பழக்கம் வேணும். கொஞ்சம் அதிகமாவே ஊத்திட்டு, 20 டிகிரி வந்ததும் டிஷ்யூவ ஒல்லியாத் திரிச்சு நுனியால உறிஞ்சி எடுத்துக் குறைக்கிறதுதான் சொட்டுச் சொட்டா சேக்குறத விட சுலபம். கோட்டுக்கு மேல கழுத்துல உள்பக்கமா ஒட்டியிருக்குற துளிகளையும் அதே திரியால தொடச்சு எடுத்துரணும், அதுல ஒண்ணு ரெண்டு விட்டுப் போனாலே 0.05 கிராம் வரும். கண்ண கோட்டு மட்டத்துக்குக் கொண்டு வந்து, வளைவோட அடி கோட்டத் தொடுறதப் பாருங்க, தண்ணிக்கு எப்படிப் பாத்தீங்களோ வோட்காவுக்கும் அதே மாதிரி. டிஸ்டில்டு வாட்டர ஒரு தடவ கொதிக்க வச்சு ஆற வச்சுட்டேன், இல்லன்னா கண்ணாடியில குட்டிக் குட்டியா குமிழி ஒட்டிக்குது. தண்ணியில இருந்து வோட்காவுக்கு மாறும்போது ஃப்ளாஸ்க்க காய வைக்கத் தேவையில்ல, அஞ்சு எம்எல் வோட்காவால ரெண்டு தடவ அலசிக் கீழ ஊத்திட்டா ஆச்சு. வீணாகுறது அந்த அளவுதான், மத்தபடி அளந்த வோட்காவ என்ன பண்ணீங்கன்னு யாரும் கேக்கப் போறதில்ல. (லேப்ல கெமிக்கல் போட்ட ஃப்ளாஸ்க்னா குடிக்கிற நெனப்பே வேண்டாம். என்னது புதுசு.)

எடைகள் இப்படி: காலி ஃப்ளாஸ்க் மூடியோட 38.46 கிராம். தண்ணியோட 88.29, அப்ப தண்ணி மட்டும் 49.83. வோட்காவோட 85.79, வோட்கா மட்டும் 47.33. 47.33ஐ 49.83ஆல வகுத்தா 0.9498. அத 0.9982ஆல பெருக்குனா 0.9481. ஓஐஎம்எல்னு சர்வதேச அளவியல் அமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்க வெளியிட்ட ஆல்கஹால் அட்டவணையில 20 டிகிரியில 40%க்கு 0.94805ன்னு போட்டிருக்கு. நம்ம நம்பர் அதுக்கு ஒரு மயிரிழை மேல, அதனால 40க்கு மயிரிழை கீழ. 0.01 கிராம் மாறுனா 0.12 சதவீதம் மாறும்ங்கறதால, மூணு எடையோட தப்பையும் சேத்து 0.2 முன்னப்பின்னன்னு எடுத்துக்கலாம். வேண்டிய 0.3க்குள்ள வந்தாச்சு.

இப்ப தண்ணி எவ்வளவுங்கற கேள்வி. 40% ஆல்கஹால்னா மிச்சம் 60% தண்ணின்னு யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், அது வரவே வராது. ஒரு லிட்டர் 40% வோட்கா 948 கிராம். அதுல ஆல்கஹால் 400 எம்எல், எடையில 316 கிராம். மிச்சம் 632 கிராம் தண்ணி, அதத் தனியா அளந்தா 633 எம்எல்லுக்கும் மேல. 400ம் 633ம் கூட்டுனா 1033, ஆனா பாட்டில்ல இருக்குறது 1000. மிச்ச 33 எம்எல் காணாமப் போகல, கலக்கும்போது ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நெருங்கி உக்காந்துக்குது. எடையில பாத்தா வோட்கா மூணுல ஒரு பங்குதான் ஆல்கஹால், 33.3%. மூலக்கூறா எண்ணுனா இன்னும் மோசம், ஒரு ஆல்கஹாலுக்கு அஞ்சு தண்ணி. அதனாலதான் எங்க பாத்தாலும் வால்யூம் சதவீதமா எடை சதவீதமான்னு சேத்துச் சொல்லணும்னு அடிச்சுக்குறாங்க.

இந்தச் சுருக்கத்தப் பத்தித்தான் தனிம அட்டவணை போட்ட ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் 1865ல டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணாரு, ஆல்கஹாலும் தண்ணியும் சேர்றதப் பத்தி. எடையில 46% ஆல்கஹால் பக்கத்துல, அதாவது ஒரு ஆல்கஹாலுக்கு மூணு தண்ணிங்கற கணக்குல, சுருக்கம் அதிகம்னு காட்டுனாரு. வோட்காவுக்கு 40ன்னு நிர்ணயிச்சதே அவர்தான்னு ஒரு கதை சுத்துது, அந்த ஆராய்ச்சியில அப்படி எதுவும் இல்ல, அதுல இருக்குறதெல்லாம் நான் பக்கெட் வச்சுப் பண்ண இதே அடர்த்தி வேலைதான், அவர் பண்ணது பல மடங்கு துல்லியமா.

முறை சரியான்னு பாக்க, பதில் முன்னாடியே தெரிஞ்ச ஒரு கலவை வேணும்ல. 96% சாப்பாட்டுத் தர ஆல்கஹால் எடுத்தேன். முதல்ல அதையே ஃப்ளாஸ்க்குல அளந்தேன், 40.29 கிராம் வந்துச்சு, கணக்குப் போட்டா 96தான், ஆனா இந்த மேல் பக்கத்துல ஒரு சதவீதத்துக்கு அடர்த்தி 0.004 மாறும், அதனால அதே தராசு இங்க இன்னும் துல்லியமாக் காட்டும். அப்புறம் எடை போட்டுக் கலந்தேன்: 96% ஆல்கஹால் 35.48 கிராம், தண்ணி 64.52 கிராம். கலந்த உடனே பாத்திரம் கைக்கு இளஞ்சூடாத் தெரியும், குட்டிக் குமிழியா கிளம்பும், அது அடங்குற வரைக்கும் மூடி வச்சுட்டு வேற வேலை பாருங்க. குமிழியோட அளந்தா எடை குறைஞ்சு ஆல்கஹால் அதிகம்னு காட்டும். அடங்குனதுக்கு அப்புறம் அளந்தா 47.32, அதாவது 40க்கும் 40.1க்கும் நடுவுல. நல்லாவே ஒத்துப் போச்சு.

அளவுல கலந்தா என்ன ஆகும்னும் ஆசைக்குப் பண்ணிப் பாத்தேன். 100 எம்எல் 96%ல 96 எம்எல் ஆல்கஹால், 96ஐ 0.4ஆல வகுத்தா 240, அப்ப 140 எம்எல் தண்ணி ஊத்துனா 40%ன்னு காகிதத்துல வரும். ஊத்துனா 240 வராது, 233தான் வரும், ஆல்கஹால் 41.2ல நிக்கும். உண்மையில 147 எம்எல் ஊத்தணும். இல்லன்னா ஒரு பெரிய ஃப்ளாஸ்க்குல ஆல்கஹாலப் போட்டு 20 டிகிரியில 240 கோடு வர்ற வரைக்கும் தண்ணி விடணும். தராசு இருக்கும்போது இதெல்லாம் தேவையில்லாத தலைவலி, எடை போட்டுக் கலந்துருங்க.

அடுத்து எலுமிச்சை வாசனை போட்ட ஒரு வோட்கா, லேபிள்ல 37.5. ஃப்ளாஸ்க்குல 47.64 கிராம், கணக்குல 35.9. ஒண்ணரை சதவீதம் குறைவு, 0.3ங்கற வரம்ப எப்பவோ தாண்டியாச்சு. கலப்படம்னு முடிவு கட்ட இது போதாது, ஏன்னா நம்ம முறை அடர்த்தியத்தான் பாக்குது, ஆல்கஹால இல்ல. சர்க்கரை கொஞ்சம் இருந்தாலும் அடர்த்தி ஏறும், ஏறுனா ஆல்கஹால் குறைஞ்ச மாதிரியே தெரியும். மீட்டர மிதக்க விட்டாலும் இதே ஏமாத்துதான். சாதா வோட்காவுலயே லிட்டருக்கு 8 கிராம் வரைக்கும் இனிப்பு சேக்க ஐரோப்பிய யூனியன் விதி விடுது, 8 கிராமுக்கே கிட்டத்தட்ட 2 சதவீதம் குறைவாக் காட்டும்.

இதப் பிரிச்சுப் பாக்க டபாரியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 19ம் நூற்றாண்டுலயே ஒரு வழி சொல்லி வச்சிருக்காரு. லேப்ல முறையா பண்றவங்க காய்ச்சி வடிச்சு ஆல்கஹாலத் தனியா எடுத்து அளப்பாங்க, இவர் வழியில ஆல்கஹாலப் போக விட்டுட்டு மிச்சத்த அளக்கணும், வீட்டுக்கு இதுதான் தோது. ஃப்ளாஸ்க்குல அளந்த அதே வோட்காவ அகலமான பீக்கருக்கு மாத்தி, ஃப்ளாஸ்க்க டிஸ்டில்டு வாட்டரால அலசி அதையும் சேத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள பீக்கர வச்சு மூணுல ஒரு பங்கா சுண்டுற வரைக்கும் விட்டேன். இங்க ஒண்ணு கண்டிப்பா: கேஸ் அடுப்புல பண்ணவே பண்ணாதீங்க, பக்கத்துல எந்த நெருப்பும் கூடாது. 40% வோட்காவோட ஆவி 26 டிகிரி பக்கத்துலயே பத்திக்கிற அளவுக்கு வந்துரும், வெந்நீர்ல வச்சா கேக்கவே வேண்டாம். எலக்ட்ரிக் கெட்டில்ல சூடாக்குன தண்ணிய மாத்தி மாத்தி ஊத்துனேன், ஜன்னலெல்லாம் திறந்து. மெதுவாத்தான் போகும், போகட்டும்.

சுண்டுனத ஆற வச்சு, மறுபடி ஃப்ளாஸ்க்குல ஊத்தி, பீக்கர அலசுன தண்ணியையும் சேத்து, 20 டிகிரியில கோடு வரைக்கும் டிஸ்டில்டு வாட்டர். இப்ப உள்ள இருக்குறது ஆல்கஹால் போன வோட்கா: தண்ணி, அதுல கரைஞ்ச சர்க்கரை, வாசனைச் சமாச்சாரம். எடை 49.95. வெறும் தண்ணி 49.83. 0.12 கிராம் அதிகம், சர்க்கரையா எடுத்துக்கிட்டா லிட்டருக்கு 6 கிராம் சொச்சம். அந்த 0.12ஐ முதல் எடையில இருந்து கழிச்சா 47.52, அதுக்குக் கணக்குப் போட்டா 37.5. லேபிள் சுத்தம். கழிக்கிறது அவ்வளவு நேர்க் கணக்கு இல்லதான், ஆனா சர்க்கரை இவ்வளவு கம்மியா இருக்கும்போது பெரிய வித்தியாசம் வராது. அந்த சாதா வோட்காவையும் இதே மாதிரி சுண்ட வச்சேன், வெறும் தண்ணி எடைக்கே வந்து நின்னுச்சு, அதுல ஆல்கஹாலும் தண்ணியும் தவிர தராசுக்குத் தெரியிற அளவுல எதுவும் இல்ல.

ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிடறேன், இந்த அளவுல நம்பர் சரியா வந்துருச்சுன்னா சரக்கு பாதுகாப்பானதுன்னு அர்த்தம் கிடையவே கிடையாது. மெத்தனால் அடர்த்தி 0.792, எத்தனால் 0.789, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, மெத்தனால் கலந்திருந்தாலும் ஃப்ளாஸ்க்கும் மீட்டரும் அழகா 40ன்னுதான் சொல்லும். கொளுத்திப் பாத்து சுடரோட நிறத்த வச்சு சொல்லிடலாம்ங்கறதையும் நம்பாதீங்க. எங்க இருந்து வந்ததுன்னு தெரியாத பாட்டில அளந்து பாத்துக் குடிக்கிற வேலைக்கு இது ஆகாது. அதே மாதிரி தொழிற்சாலை ஸ்பிரிட்டு, லேப் ஆல்கஹால் எதையும் கலவை பண்ணிட்டு வாயில வைக்காதீங்க.

செலவுன்னு பாத்தா தராசும் ஃப்ளாஸ்க்கும்தான் பெருசு, அதுலயும் ஃப்ளாஸ்க் துல்லியம் கொஞ்சம் கம்மியான பி கிளாஸ் வாங்குனாப் போதும், ஏ கிளாஸ் சர்டிஃபிகேட்டுக்குக் குடுக்குற காசு இந்த முறையில வீண், கொள்ளளவ நாமளே தண்ணியால சரி பாத்துக்குறோமே. காச தெர்மாமீட்டர்ல போடுங்க. ஒரு டிகிரி தப்புக்கு கிட்டத்தட்ட அரை சதவீத ஆல்கஹால் போயிருதுங்கறப்ப, அரை டிகிரி முன்னப்பின்ன காட்டுற மலிவு தெர்மாமீட்டர் மத்த எல்லா கவனத்தையும் தின்னுரும். என்னோடத ஐஸ் நொறுக்குன தண்ணியில வச்சு 0 காட்டுதான்னு பாத்தேன், 0.3 காட்டுச்சு, அதக் கழிச்சுக்கிட்டேன்.

அடுத்த தடவ 100 எம்எல் ஃப்ளாஸ்க். எடை ரெட்டிப்பானா 0.01 கிராமோட தப்பு பாதியாயிரும், 200 கிராம் தராசுலயும் அடங்கும், வோட்கா மட்டும் கூடுதலாச் செலவாகும். மூடி விஷயத்துலயும் கவனமா இருப்பேன். பிளாஸ்டிக் மூடி ஒவ்வொரு தடவயும் ஒவ்வொரு ஆழத்துக்கு இறங்குது, கழுத்துல ஏறி நிக்கிற வோட்காவ மேல தொட்டு நனைச்சுக்குது, கழட்டும்போது ஒரு துளி அதோட போயிருது, அடுத்த எடைக்கு முன்னாடி மூடியையும் தொடச்சுக் காய வைக்க வேண்டியிருக்கு. கண்ணாடி மூடி, கழுத்து கொஞ்சம் நீளம், கோட்டுக்கு மேல குறைஞ்சது ரெண்டு விரற்கடை இடம் இருக்குற மாதிரி பாத்து வாங்கணும்.